பெற்றவர் பெயரும் ஊட்டியவர் பெயரும்

கண்ணா,

நேற்று போனில் நீ கேட்டாய்: "அம்மா, அன்னைக்கு மேடையில கேயாலா அத்தை பாதியில நிறுத்திட்டாங்களே, அப்புறம் பெரியப்பா எழுந்து உள்ளே போய் நான்னாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாரே, என்னதான் நடந்தது?" நீ அதைத் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்துதான் கேட்டாய், நான் ஒழுங்கான தமிழாக்கி எழுதியிருக்கிறேன். "அது பெரிய கதைடா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உன் தெலுங்கு அப்பா, அதான் உன் நான்னா, பக்கத்திலேயே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் காதுபடச் சொல்ல ஆரம்பித்தால் "நக்கோ, வேண்டாம், விடு" என்று எழுந்து போய்விடுவார். அதனால்தான் இந்தக் கடிதம். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், தெரியும். படி. மல்காஜ்கிரியில் உன்னை வாரா வாரம் மடியில் உட்கார்த்தி அ, ஆ சொல்லிக்கொடுத்தது பின்னே எதற்கு? உன் பெண்டாட்டி நளானியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உரக்கப் படித்து அர்த்தமும் சொல், அவளும் தெரிந்துகொள்ள வேண்டிய கதைதான் இது. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், நாம் ஜெயித்த கதை. பயப்படாமல் படிக்கலாம்.

நீ முதன்முதலில் "அவங்க பழைய ஹவாய் தலைவர்களோட வம்சம் அம்மா" என்று சொன்ன அன்று நான் சிரித்தேன், ஞாபகம் இருக்கிறதா? ராஜ வம்சத்துக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்? பேகம்பேட்டில் ஆட்டோ பிடித்தால் மீட்டர் போடாமலே பேசிக்கொண்டு வருகிறவர் ஏதோ ஒரு நவாபின் பேரனாக இருப்பார். ஆனால் நம் சொந்தக்காரப் பெண்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குத் தூக்கமே போய்விட்டது. மருமகள் கிரீடத்தோடு வருவாளா, முத்து மாலை எத்தனை வடம், தீவு ஏதாவது உன் பெயருக்கு எழுதி வைப்பார்களா என்று ஒரே விசாரணை. கடைசியில் உன் நளானி விமான நிலையத்தில் ரப்பர் செருப்போடு வந்து இறங்கினாள். அவள் அப்பா அங்கே ஹீலோ என்ற ஊரில் பஸ் ஓட்டுகிறார் என்று தெரிந்ததும் பாதிப் பேருக்கு முகம் தொங்கிப் போயிற்று. மீதிப் பேர் அவளை "நளினி, நளினி" என்று கூப்பிட்டு வீட்டுப் பெண்ணாகவே ஆக்கிவிட்டார்கள். அந்த மீதிப் பேரைத்தான் நான் இன்னும் மதிக்கிறேன்.

சிரித்தாலும், சம்பந்தம் செய்கிற இடம் ஆயிற்றே என்று அவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அந்தத் தலைவர்கள் மஞ்சளும் சிவப்புமான பறவை இறகுகளைக் கோத்த மேலாடை போர்த்தியவர்கள். மிக உயர்ந்த பிறப்பு என்று வைத்திருந்த சில தலைவர்கள் எதிரே வந்தால் ஜனங்கள் அப்படியே தரையில் விழுந்து கிடக்க வேண்டும். பாவம், வயலில் வேலை செய்கிறவன் எத்தனை தடவை விழுந்து எழுவான்? அதனாலேயே அந்தத் தலைவர்களில் சிலர் இருட்டிய பிறகுதான் வெளியே நடமாடுவார்களாம். அதைப் படித்ததும் எனக்கு ஒரு மரியாதை வந்தது. தன் பெருமை அடுத்தவனுக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று தெரிந்த பெரிய மனிதர் நம் சொந்தத்தில் யாராவது உண்டா, சொல். அப்புறம் வெளியிலிருந்து வந்தவர்கள் நாட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள், நிலமும் போயிற்று, இன்று வம்சத்து ஆட்கள் பஸ் ஓட்டுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார்கள். ஆனால் பெயர்கள் போகவில்லை. எழுத்து வருவதற்கு முன்னாலேயே அவர்கள் தங்கள் வம்சத்தைத் தொண்டையில் வைத்துக் காப்பாற்றியவர்கள். யாருக்கு யார் பிறந்தார், அவருக்கு யார் பிறந்தார் என்று கடல் பிறந்த கதையிலிருந்து ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே வருவதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். யார் ஆள்வது என்பதே அந்தப் பெயர்களில்தான் இருந்தது, அதனால் ஒரு பெயர் தவறினாலும் பெரிய குற்றம். நளானியின் அத்தை கேயாலா அப்படிச் சொல்லும் குடும்பத்தில் வந்தவள்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம் கேயாலாவும் நளானியும் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். நீ உடை தைக்கக் கொடுத்ததை வாங்கப் போயிருந்தாய். நான் சேப்பங்கிழங்கை மொறுமொறுவென்று வறுத்திருந்தேன். உன் நான்னா தன் பங்குக்கு அதே கிழங்கில் சாமகட்ட புலுசு வைத்திருந்தார், அவர் கைப் புளிக்குழம்பு, உனக்குத் தெரியாததா. தட்டில் வைத்ததும் கேயாலா கையைக் கூப்பிக்கொண்டு சிரித்தாள். "எங்கள் அண்ணனை வறுத்துவிட்டீர்கள்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகுதான் விளக்கினாள். (அவள் இங்கிலீஷில் பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.) ஆதியில் வானத்துக்குப் பிறந்த முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்ததாம். அதை மண்ணில் புதைத்த இடத்தில் சேப்பஞ்செடி முளைத்ததாம். அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு அதே பெயரை வைத்தார்களாம், அவன் வழியில்தான் தலைவர்கள், ஜனங்கள் எல்லாரும். அதனால் கிழங்கு அண்ணன், மனிதன் தம்பி. அண்ணன் தம்பிக்குச் சோறு போடுவார், தம்பி அண்ணனுக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். "தின்பதில் தப்பே இல்லை. அண்ணன் கிண்ணம் திறந்திருக்கும்போது சண்டை மட்டும் போடக் கூடாது" என்றாள். நான்னா அவள் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி புலுசு ஊற்றினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து லோத்குண்டாவிலிருந்து உன் பெரியப்பா வந்து சேர்ந்தார். சாப்பிடச் சொன்னேன், உட்காரவில்லை. வந்த வேகத்திலேயே, "ஏம்மா, ஐயர் மூணு தலைமுறை பேரு கேக்குறாரு. பையனப் பெத்த என் தம்பி சோமசுந்தரம், எங்க அப்பா, எங்க தாத்தா. இதுதான் சொல்லப்படும். மேடையில தகப்பன் இடத்துல நான் உட்காருவேன். இதுல பேச்சு கிடையாது" என்றார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "பேரு சொல்லட்டும் மாமா, அது அவனோட பேருதானே. ஆனா இவரு எங்க உட்காருவாரு?" என்று நான்னாவைக் காட்டினேன். பெரியப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "வெங்கடேஸ்வர்லு நல்ல மனுஷன், நான் இல்லேங்கல. ஆனா கைக்கு, எதுக்கு இந்த வம்பு? வம்சம் சொல்ற இடத்துல வம்சம் இல்லாதவருக்கு என்ன வேலை?" என்றார். அடப்பாவி மனுஷா என்று எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. நான் வாயாடி என்பது ஊருக்கே தெரியும், அன்று மரியாதைக்காக நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது கேயாலா என்ன செய்தாள் தெரியுமா? ஒரு தட்டை எடுத்துப் புலுசுப் பாத்திரத்தை நன்றாக மூடினாள். வறுவலையும் மூடினாள். "இப்போது போடலாம் சண்டை" என்றாள். பெரியப்பா திகைத்துப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

என்ன விஷயம் என்று கேட்டாள். பெரியப்பாவுக்கு இங்கிலீஷ் பிரமாதமாக வரும் அல்லவா, அவரே சொன்னார். தம்பி சின்ன வயதில் காய்ச்சலில் போனது, தம்பி மனைவி மறுகல்யாணம் செய்துகொண்டது, பையன் வளர்ந்தது இந்த வீட்டில் என்றாலும் ரத்தம் தங்கள் ரத்தம் என்பது, எல்லாம். கேயாலா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு அவளும் அவர் பக்கம்தான் பேசினாள். பழைய காலத்தில் அரசர் ஓர் ஊருக்கு வந்தால் ஒரு வீடு கட்டி அதில் வம்சம் தெரிந்தவர்கள் உட்காருவார்களாம். வாசலில் வருகிறவனைப் பார்த்து, 'நீ யார் பிள்ளை' என்று கேட்பார்களாம். தகப்பன், பாட்டன் என்று சரியாகச் சொன்னால் உள்ளே, தப்பாகச் சொன்னால் வெளியே. "வம்சம் சொல்கிறவள் பொய் சொல்லக் கூடாது. பெற்றவரைத்தான் பெற்றவர் என்று சொல்ல முடியும்" என்றாள். பெரியப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ஹவ், ஆமா! இதத்தானே நானும் சொல்றேன்" என்று தொடையைத் தட்டினார். நான்னா எழுந்து, "அண்ணா சொல்றது சரிதான். கல்யாணத்தன்னிக்கு சமையல் பக்கம் நம்ம ஆளு ஒருத்தர் நின்னாத்தான் நல்லாருக்கும். நான் அங்க இருந்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டிருந்தால் கூடச் சேர்ந்து கத்தியிருப்பேன்.

கேயாலா விடவில்லை. பெரியப்பாவிடம், "இன்னொரு கேள்வி இருக்கிறதே, அதை நீங்கள் கேட்கவில்லையே. பையனுக்கு ஊட்டியவர் யார்?" என்றாள். தலைவர்கள் வீட்டில் பிறந்த பிள்ளையைப் பெற்ற வீட்டிலேயே வைத்துக்கொள்வது அவ்வளவாக வழக்கமில்லையாம். பிறந்ததும் இன்னொரு தலைவர் வீட்டில் கொடுத்துவிடுவார்கள், அவர்கள் ஊட்டி வளர்ப்பார்கள். அந்த நாட்டைக் கடைசியாக ஆண்ட ராணிகூட அப்படி வேறு வீட்டில் வளர்ந்தவள்தானாம். அந்த உறவுக்கு அவர்கள் வைத்திருக்கிற வார்த்தைக்கே சோறு ஊட்டுவது என்றுதான் அர்த்தம். பெற்ற வீட்டை மறைக்க மாட்டார்கள், வளர்த்த வீட்டையும் மறைக்க மாட்டார்கள், பிள்ளைக்கு இரண்டும் பெருமை. பெரியப்பா எழுந்து மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "அதெல்லாம் உங்க தீவு வழக்கம். எங்க மேடையில ஒரு வரிசைதான்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பினார். கேயாலா பாத்திரத்தைத் திறந்து, தட்டைத் தூக்கிக்கொண்டு, நளானியையும் கூட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். ரொம்ப நேரம் நான்னாவும் அவர்கள் இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். புலுசு வைக்கும் பக்குவம் கேட்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் பெரியப்பாவை நான் கெட்டவராகச் சொல்லவில்லை, அப்படி எடுத்துக்கொள்ளாதே. அவர் தூக்கி வளர்த்த தம்பி உன் அப்பா. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பெரியப்பா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நான் மறுபடி கல்யாணம் செய்துகொண்டபோது ஊர் என்னென்னவோ பேசியது, அவர் மட்டும் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. அவருக்குப் பயம் ஒன்றுதான். புது ஆள் வந்து உட்கார்ந்தால் தம்பி இருந்த இடம் இல்லாமல் போய்விடும், நாளைக்கு உன் பிள்ளைகளுக்கு சோமசுந்தரம் என்று ஒருவர் இருந்ததே தெரியாமல் போய்விடும் என்ற பயம். நீயும் நாளைக்கு யாரோடாவது சண்டை போட நேர்ந்தால், அவர் எதை இழக்கப் பயப்படுகிறார் என்று முதலில் பார். நான் இதை அன்று மத்தியானம் பார்க்கவில்லை, அன்றைக்கு எனக்கு ரத்தம் கொதித்ததுதான் மிச்சம்.

கொதிக்காமல் என்ன செய்யும்? உனக்கு அந்த நாட்கள் ஞாபகம் இருக்காது. உன் அப்பா போன பிறகு நீ சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாய். மூன்று வயசுப் பிள்ளை, என் கையால் ஊட்டினால் துப்புவாய், பெரியப்பா ஊட்டினால் வாயை இறுக்கிக்கொள்வாய். நான் வேலைக்குப் போக வேண்டும், உன்னை இப்படி எலும்பும் தோலுமாக விட்டு எப்படிப் போவது? அப்போது பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்தவர்தான் வெங்கடேஸ்வர்லு, ரயில்வே பணிமனையில் ஃபிட்டர் வேலை. ஒருநாள் நான் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இலா இவ்வண்டி" என்று கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். உன்னைத் தூக்கிக் காம்பவுண்டு சுவர் மேல் உட்கார வைத்தார். எதிரே தண்டவாளம். கூட்ஸ் வண்டி ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெட்டி போனால் ஒரு வாய், அடுத்த பெட்டி போனால் அடுத்த வாய். நீ வாயைப் பிளந்துகொண்டு வண்டியைப் பார்த்தாய், சோறு உள்ளே போனது. அதற்கப்புறம் தினமும் கூட்ஸ் வண்டிக்கு நேரம் பார்த்துத்தான் நம் வீட்டில் சாப்பாடு. ஷிப்டு முடிந்து கிரீஸ் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு ஓடி வருவார். அவரைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது அதற்கெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான். அவர் முதலில் உனக்குத்தான் ஆனார், அப்புறம்தான் எனக்கு. நீ "நான்னா" என்று கூப்பிட ஆரம்பித்ததுகூட யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி அப்பா என்பாய், இவரைப் பார்த்து நான்னா என்பாய். மூன்று வயதில் உனக்கு இருந்த தெளிவு பெரியவர்களுக்கு வர ஒரு ஹவாய்க்காரி வேண்டியிருந்தது.

கல்யாணத்தன்று காலையில் மண்டபத்துக்குள் நுழையும்போதே நான்னா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகச் சமையல் பக்கம் போய்விட்டார். நான் மேடையில் உட்கார்ந்தேன், பக்கத்தில் பெரியப்பா. எனக்குப் பட்டுப்புடவை முள்ளாகக் குத்தியது. நீ என்னமோ நளானியைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாய், உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, நான்னா சமையலை மேற்பார்வை பார்க்கிறார் என்றுதான் உனக்குச் சொல்லி வைத்திருந்தோம். ஐயர் உன் பக்கத்து மூன்று பெயர்களையும் சொன்னார். சோமசுந்தரம் என்று கேட்டபோது எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு பெண் பக்கம் திரும்பி, "கோத்திரம் என்னம்மா? சிவ கோத்திரம்னு வெச்சுக்கலாமா?" என்றார். நளானியின் அப்பா கேயாலாவைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். இலை மாலை, வெறுங்கால், கையில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தாள் பார், மைக்கே வேண்டாம், நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு வாய் பிளந்து உட்கார்ந்தார். இருட்டு, கடல், கிழங்கு, தலைவர்கள் என்று வந்துகொண்டே இருந்தது. நளானி எனக்கு மெல்ல அர்த்தம் சொன்னாள்: இவர் ஆண், இவள் பெண், பிறந்தது இவர், இப்படியே ஒவ்வொரு வரியும். ஐயர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, மூணு தலைமுறை போதும்மா" என்றார். யார் கேட்டார்கள்? அவள் வம்சத்துப் பெயர் ஒன்றையும் விடாமல் நளானி வரைக்கும் வந்து சேர்ந்தாள்.

அடுத்து மாப்பிள்ளை பக்கத்தையும் அவள் சொல்வதாக ஏற்பாடு, பெற்றவர் வரிசைதானே என்று பெரியப்பாவும் சம்மதித்திருந்தார். உன் கொள்ளுத்தாத்தாவில் ஆரம்பித்தாள், தாத்தா வந்தார். உன் அப்பா பெயர் வர வேண்டிய இடம். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டென்று அவள் நிறுத்திவிட்டாள். மேடையைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். "ஊட்டியவரைக் காணோமே. அவர் நிற்காமல் நான் மேலே சொல்ல முடியாது" என்றாள். மண்டபத்தில் குழந்தை ஒன்று மட்டும் அழுதுகொண்டிருந்தது. ஐயர் பதறிப்போய், "முகூர்த்தம் போயிடும் சார், ஏதாவது பண்ணுங்கோ" என்று பெரியப்பாவிடம் சொன்னார். பெரியப்பா என்னைப் பார்த்தார். எழுந்து போய் அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று எனக்குக் கால் பரபரத்தது. ஆனால் போகவில்லை. நான் கூப்பிட்டால் அவர் வருவார், மனைவி கூப்பிட்டதாக வருவார். கூப்பிட வேண்டியவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் அவரை நேராகப் பார்த்து, "உங்க தம்பி பேரு நின்னு போச்சு மாமா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

பெரியப்பா எழுந்தார். அந்த வயதில் மேடைப் படிக்கட்டைப் பிடிக்காமல் இறங்கி, சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டி உள்ளே போனார். அங்கே நடந்ததைச் சமையல் தலைவர் பிற்பாடு எனக்கு நடித்தே காட்டினார். நான்னா பெரிய அண்டா பக்கத்தில் கரண்டியோடு நின்றிருக்கிறார். பெரியப்பா போய் எதிரே நின்று மூச்சு வாங்கினாராம். நான்னா பயந்துபோய், "ஏமைந்தி அண்ணா? சாம்பார் பத்தலையா?" என்று கேட்டாராம். "சாம்பாரும் நக்கோ, ஒண்ணும் நக்கோ. வாய்யா வெங்கடேஸ்வர்லு. நீ வந்தாத்தான் என் தம்பி பேரு வரும்" என்று சொல்லிக் கையைப் பிடித்தாராம். நான்னா கையைத் துடைத்துக்கொண்டு வருகிறேன் என்றதற்கு, "அப்படியே வா" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கோலத்தைத்தான் நீ மேடையிலிருந்து பார்த்தாய். பட்டு வேட்டி மடித்துக் கட்டியபடி, கையில் மஞ்சள், நெற்றியில் வியர்வை, பெரியப்பா பிடி விடவே இல்லை. சொந்தக்காரப் பெண்கள் எதிர்பார்த்த ராஜ ஊர்வலம் அன்றைக்குத்தான் வந்தது என்று எனக்குத் தோன்றியது. எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டினேன்கூட. நீ பார்த்தாயோ என்னவோ.

கேயாலா விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். சோமசுந்தரம் ஆண் என்றாள். அடுத்து என் பெயரைச் சொன்னாள், பெண் என்றாள். டேய், எனக்கு இரண்டு கல்யாணம் நடந்திருக்கிறது, எத்தனையோ கல்யாணத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன், மேடையில் வம்சம் சொல்லும்போது ஒரு பெண்ணின் பெயர் வந்து நான் கேட்டதில்லை. எவ்வளவோ பேர் முதுகுக்குப் பின்னால் கிசுகிசுத்த என் பெயர் அந்த மண்டபம் முழுக்க ஓங்கிக் கேட்டது. பிறந்தது நீ என்று உன் பெயர் சொன்னாள். பெரியப்பா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அத்தோடு முடிந்ததா? லச்சம்மா பெண் என்றாள். எனக்குச் சுரீர் என்றது. லச்சம்மா நான்னாவின் அம்மா. புருஷன் விட்டுப் போன பிறகு கட்டட வேலைக்கு மண் சுமந்து பிள்ளையை வளர்த்தவள். தகப்பன் பெயரைச் சொல்ல வழியில்லாததால்தான் உன் நான்னா தனக்கு வம்சமே கிடையாது என்று ஒதுங்கி ஒதுங்கி நிற்பார். புலுசுப் பக்குவம் என்று நான் நினைத்தேனே, அன்று சமையலறையில் கேயாலா அவரிடம் கேட்டது இதைத்தான். அவர்கள் தலைவர்களுக்கு அந்தஸ்து பெரும்பாலும் தாய் வழியில்தான் ஏறுமாம், தாய் பெயர் தெரிந்தால் வரிசை நிற்கும் என்று சொன்னாளாம். லச்சம்மா பெண், பிறந்தது வெங்கடேஸ்வர்லு, அவர் ஊட்டி வளர்ந்தது நீ. பொய்யே இல்லாமல், ஒரு எழுத்து கூடக் குறையாமல், பெற்றவர் பெற்றவராகவே இருக்க, ஊட்டியவர் ஊட்டியவராகவே வந்து நின்றார். உன் பிள்ளைகளுக்கும் இதை இப்படியே சொல்லிக்கொடு. எதையும் மாற்றாதே, யாரையும் விடாதே, நளானி பக்கத்துப் பெயர்களையும் சேர்த்து மனப்பாடம் செய். சாக்குச் சொன்னால் அங்கே வந்து உதைப்பேன்.

அப்புறம் கெட்டிமேளம் கொட்டியது, நீ தாலி கட்டினாய், எல்லாரும் அட்சதை போட்டார்கள். அப்போது நான்னா பேசியதை அந்தச் சத்தத்தில் நீ கேட்டிருக்க முடியாது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நான்னா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விறைத்துப் போய் நின்றிருந்தார். என் பக்கம் குனிந்து, "மா அம்மா பேரு செப்பிந்தா?" என்றார். "சொன்னாங்க" என்றேன். "நிஜமா? லச்சம்மான்னா?" என்றார். "லச்சம்மான்னுதான்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனுஷருக்குத் தன் பெயர் சொல்லப்பட்டது காதிலேயே விழவில்லை. மடித்துக் கட்டின வேட்டியை அவசர அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டு, "மறி, அப்ப எல்லாரும் ஏன் என்னயே பாக்குறாங்க?" என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் பெரியப்பா அவர் தோளில் கையைப் போட்டார்.

"உன் பையன் கல்யாணம்யா. உன்னப் பாக்காம வேற யாரப் பாப்பாங்க?"

உன் அம்மா